விந்தணுவின் மூன்று மாதக் கணக்கு

காப்பிக்கடை மேசைக்கு வரும் பெரிய பீர் போத்தல் 633 மில்லிலிட்டர். ஆல்கஹால் 5 விழுக்காடு என்றால், அதில் கிட்டத்தட்ட 25 கிராம் இருக்கும். சிங்கப்பூரில் ஓர் அளவு மது என்பது 10 கிராம். ஆண்களுக்கு நாளுக்கு இரண்டு அளவுக்கு மேல் வேண்டாம் என்பது இங்குள்ள அறிவுரை. ஒரே போத்தலில் அதைத் தாண்டியாயிற்று.

ஆண்டுக்கணக்காக அளவுக்கு மீறிக் குடிப்பவருக்குக் கல்லீரலோடு விந்தகமும் அடி வாங்குகிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிப்பவை விந்தகத்தின் லெய்டிக் செல்கள். அந்த வேலைக்கு என்ஏடி என்ற துணைப்பொருள் வேண்டும். ஆல்கஹாலைச் சிதைக்கவும் அதே என்ஏடிதான் செலவாகிறது. சிதைவில் உண்டாகும் அசிட்டால்டிஹைடு செல்களை நேரடியாகவே கெடுக்கும். மூளையடிச் சுரப்பியிலிருந்து விந்தகத்துக்கு வரும் தூண்டுதலும் மங்கும். கல்லீரல் சுருங்கிவிட்டாலோ பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கும்: மார்பு பருக்கும், விந்தகம் சிறுக்கும். நரம்புச் சேதத்தால் விறைப்பும் குறையலாம்.

குடித்ததும் முகம் சிவப்பது சீன நண்பர்களிடம் பரவலாக உள்ள மரபணு மாற்றத்தின் விளைவு, நம்மவரிடம் அரிது. 'எனக்குச் சிவக்கவில்லை, உடம்பு தாங்கும்' என்பது தப்புக் கணக்கு.

விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், முதிர்ந்து வெளிவர மேலும் இரண்டு வாரம். அதனால் இன்றைய விந்துப் பரிசோதனை காட்டுவது கடந்த மூன்று மாதத்தை. இரண்டு வாரம் குடியை நிறுத்திவிட்டு மறுபடி சோதிப்பதில் பயனில்லை. மூன்று மாதம் பொறுக்க வேண்டும். சோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்கவேண்டும். வீட்டில் எடுத்த மாதிரியை உடல் சூட்டிலேயே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்புகள் இவை: விந்தின் அளவு 1.4 மில்லிலிட்டர், மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு, அசைவு 42 விழுக்காடு, சரியான வடிவம் 4 விழுக்காடு. இவற்றுக்குக் கீழே போனாலே மலடு என்று பொருளல்ல.

டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்றதும் ஊசிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. குழந்தை வேண்டுபவருக்கு இதைவிடப் பெரிய தவறு இல்லை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை தன் தூண்டுதலை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அடியோடு நின்றும் போகலாம்.

குடியை விட்டால் பலருக்கு எண்ணிக்கையும் அசைவும் தேறுகின்றன. சுருங்கிய விந்தகம் முழுதாகத் திரும்புவது நிச்சயமில்லை. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் பலதுறை மருந்தக மருத்துவரைப் பார்த்து, படிப்படியாகவோ மருந்தின் துணையோடோ நிறுத்துவதே பாதுகாப்பு.