தெஸ்தோனே: தமிழில் தலைக்காசு

இத்தாலிய மொழியில் 'தெஸ்தா' என்றால் தலை. பெரியது என்று காட்டும் 'ஓனே' விகுதி சேர்ந்தால் 'தெஸ்தோனே', அதாவது பெருந்தலை. இத்தாலியின் மிலான் நகரை ஆண்ட டியூக் கலியாசோ மரியா ஸ்ஃபோர்சா 1474-இல் நாணயங்களைச் சீர்திருத்தியபோது வெளியிட்ட வெள்ளிக் காசுக்கு நிலைத்த பெயர் இது.

எடை சுமார் 9.8 கிராம். ஒரு பக்கம் கவசம் அணிந்த டியூக்கின் பக்கவாட்டு முகம், எடுப்பான மூக்கோடு. மறுபக்கம் தலைக்கவசமும் கேடயமும். இருபுறமும் வாளிகள் தொங்கும் எரிகட்டைகள். அதற்கு முந்தைய வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் மெல்லிய தகடுகள். அவற்றில் முகம் புடைத்து நிற்காது. காசு தடித்த பிறகே தலைக்கு இடம் கிடைத்தது.

இதன் மதிப்பு ஒரு லிரா, அதாவது 20 சோல்தோ என்னும் சிறு காசுகள். பேரரசர் சார்லமேன் காலம் தொட்டு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் லிரா என்பது கணக்கேட்டில் மட்டும் வாழ்ந்த அளவு. அந்த மதிப்புக்கு ஒரு காசு கிடையாது. 1472-இல் வெனிசின் தலைவர் நிக்கோலோ திரோன் தம் உருவத்தோடு அதைக் காசாக்கினார். குடியரசான வெனிஸ் அதன்பின் தலைவரின் உருவத்தைக் காசில் பொறிக்க விடவில்லை. மிலானில் அந்தத் தடை இல்லை. பெயர் முளைத்ததும் அங்கேதான்.

சொல்லின் வேர் இன்னும் அழகானது. இலத்தீனில் 'தெஸ்தா' முதலில் மண்கலம், ஓடு ஆகியவற்றைக் குறித்தது, பிறகுதான் தலையானது. நம் 'மண்டை'யும் அப்படித்தான்: சங்கப் பாடல்களில் அது பாணர்கள் கள் ஏந்திய கலம். மண்டையோடு என்னும்போது இன்றும் 'ஓடு' கூடவே வருகிறது.

ஆனாலும் தெஸ்தோனேயைத் தமிழில் 'மண்டைக்காசு' என்றால் காதுக்கு இடிக்கிறது. 'பெருந்தலை' என்றால் ஊர்ப் பெரிய மனிதர் நினைவுக்கு வருவார். 'உருவக்காசு' என்றால் எந்த உருவம் என்ற கேள்வி எழும். பூவா தலையா என்று சுண்டும் நமக்குக் காசின் முகப்பக்கம் ஏற்கெனவே 'தலை'தான். 'தலைக்காசு' என்பதே பொருந்தும்.

பிரான்சில் இது 'தெஸ்தோன்', போர்ச்சுகலில் 'தொஸ்தாவ்', இங்கிலாந்தில் 'டெஸ்டூன்'; பின்னாளில் அங்கே ஷில்லிங். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி டெஸ்டூனில் செம்பை மிகுதியாகக் கலந்து மேலே வெள்ளி பூசினார். நேர்முகமாகப் பொறித்த அவர் தலையில் முதலில் தேய்ந்தது மூக்கு. பூச்சு போய்ச் செம்பு தெரிந்ததும், மக்கள் அவருக்குச் 'செம்பு மூக்கர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.