மழையை உருவகப்படுத்த முடியுமா?

“காலநிலை மாதிரிகள் மழையை எந்த அளவு துல்லியமாக உருவகப்படுத்துகின்றன?” இந்த வாரத்தில் மட்டும் இப்படியொரு வாக்கியத்தை மூன்று இடங்களில் படித்துவிட்டேன். காலநிலை மாதிரி என்பது காற்று, வெப்பம், மழை எல்லாவற்றையும் சமன்பாடுகளால் கணக்கிடும் கணினி நிரல். நிஜத்தைப் போல ஒன்றை அது கணக்கிட்டுக் காட்டுவதுதான் சிமுலேஷன். அதற்கு ‘உருவகப்படுத்துதல்’ என்று எழுதுவது தவறு.

சிமுலேஷனின் வேர் லத்தீன். சிமிலிஸ் என்றால் ‘போன்ற’. அதிலிருந்து சிமுலாரே, போலச் செய்தல். அவ்வளவுதான்.

உருவகம் வேறு சங்கதி. தாமரை போன்ற முகம் என்றால் உவமை, முகத்தாமரை என்றால் உருவகம். இரண்டும் ஒன்றே என்று சாதிப்பதுதான் உருவகம். மாதிரி அப்படிச் சாதிப்பதே இல்லை. கணினிக்குள் பெய்வது மழை போன்ற எண்கள். அவை மழைமானி காட்டும் அளவிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் கேள்வியே. உலகளாவிய மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அவற்றில் பலவற்றில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இடிமேகமோ சில கிலோமீட்டர்தான். அதனால் மேகத்தை நேரடியாகக் கணக்கிடாமல், கட்டத்தின் சராசரி வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றிலிருந்து தோராய விதிகளால் மழையை வருவிக்கிறார்கள். விளைவு, பல மாதிரிகளில் தூறல் அளவுக்கு மீறி அடிக்கடி விழுகிறது, கனமழை குறைந்துபோகிறது. மழை கொட்டித் தீர்க்கும், வால்பாறை அருகிலுள்ள சின்னக்கல்லாரும், மலை மழையை மறித்துவிடும் மழைமறைவில் கிடக்கும் உடுமலைப்பேட்டையும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடலாம். இடையில் நிற்கும் ஆனைமலைத் தொடர் சராசரியில் கரைந்துவிடும். இந்த விலகலைப் பேசவேண்டிய இடத்தில், விலகலே இல்லை என்று பொருள்படும் சொல்லை வைத்தால் எப்படி?

“உரு என்றால் வடிவம்தானே, வடிவம் கொடுப்பதைத்தானே சொல்கிறோம்” என்றார் மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர். சரி, அதற்கு ‘உருவாக்குதல்’ இருக்கிறது. உருவகத்துக்கு அணியிலக்கணத்தில் பல நூற்றாண்டுகளாக ஒரே பொருள். அதைப் பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுத்தால் இரண்டு துறைக்கும் நட்டம். இயந்திர மொழிபெயர்ப்பு கொடுத்ததை அப்படியே ஒட்டுகிறார்கள், அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுகிறார், அப்புறம் அதுவே ‘வழக்கு’ ஆகிவிடுகிறது. ஒரு நிமிடம் நின்று வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தாலே இடறும்.

வேறு சொற்கள்? ‘போலி’ வேரால் பொருத்தம்தான், ஆனால் போலி மருத்துவர், போலி நகை என்று பழகிய காதுக்கு ஏமாற்றாகவே படும். ‘பாவனை’ வடசொல் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை, நடிப்பு என்ற பொருள் முந்திக்கொண்டு வருகிறது. என் தேர்வு ‘ஒப்புருவாக்கம்’. ஒத்திருத்தலும் உருவும் அதில் இருக்கின்றன, ‘ஒப்புருவாக்கிய மழை’ என்று பெயரடையாகவும் வளையும்.

கலைச்சொல்லே வேண்டாத செய்திக் கட்டுரை என்றால் இன்னும் எளிது: மாதிரி காட்டும் மழை, பெய்த மழையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது?