படைப்பா, இயற்கையா?

செப்டம்பர் 1 முதல், அசிசி பிரான்சிசின் திருநாளான அக்டோபர் 4 வரை உலகத் திருச்சபைகள் கடைப்பிடிக்கும் ‘Season of Creation’ என்ற காலத்தை நம் குமரி மாவட்டத்தில் பலரும் ‘இயற்கைக் காலம்’ என்கிறார்கள். ஒரு நோட்டீசில் ‘இயற்கை வழிபாடு’ என்றே அச்சாகியிருந்தது. பொறுக்க முடியவில்லை. சூரியனை வணங்குவதற்கும் சூரியனைப் படைத்தவரை வணங்குவதற்கும் பேதம் இல்லையா?

உரிய சொல் படைப்பு. ‘படை’ பழந்தமிழ் வினை. உலகை ஆக்கியவனைப் ‘படைத்தோன்’ என்கிறது புறநானூறு (194). பழைய வேதாகமத்தின் ‘சிருஷ்டி’ வடசொல், பொருள் அதுவே.

இயற்கை என்பது இயல் + கை, தன்னியல்பில் இருப்பது. ‘இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்’ என்று சொல்லும் தொல்காப்பியம், அடுத்த நூற்பாவிலேயே ‘செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்’ என்கிறது. இயல்பாக இருப்பதை ‘இப்படிப்பட்டது’ என்று மட்டும் சொல், செய்யப்பட்டதை ‘ஆயிற்று’ போன்ற ஆக்கச் சொல்லோடு சொல் என்பது பொருள். நிலம் வலிது என்றால் போதும். ‘ஆயிற்று’ சேர்க்க வேண்டாம். ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: ‘வெளிச்சம் உண்டாயிற்று’, ‘அது அப்படியே ஆயிற்று’. அதிகாரம் முழுக்க ஆக்கம்தான். ஆக்கியவர் ஒருவர் உண்டு என்று அறிக்கையிடும் நாம், ஆக்கமே வேண்டாத சொல்லை ஏன் எடுக்க வேண்டும்?

‘கடவுள் இயற்றியதால் இயற்கை’ என்று பிரசங்கத்தில் சமாதானம் சொல்கிறார்கள். குறள்கூட ‘உலகியற்றியான்’ என்கிறதே என்பார்கள். குறள் சொல்வது இயற்றியவனை. இயற்றப்பட்டதற்கு இயற்கை என்று பேரிட்டால், செயற்கைக்கு எதிர்ச்சொல் எங்கே போகும்? படைப்பு என்றால் கதை, கவிதை, படையல் நினைவு வருகிறதாம். இயற்கைதான் சாதாரண சனத்துக்குப் புரியுமாம். அறுப்பின் பண்டிகைக்கு வாழைக்குலையும் மரச்சீனியும் சுமந்து வரும் பாட்டியிடம் கேளுங்கள். ‘ஆண்டவரு தந்தது மக்களே’ என்பாள். அவளுக்குப் படைப்பு புரியும்.

மலையை உடைத்து லாரியில் ஏற்றுகிறவர்களுக்குத்தான் ‘இயற்கை வளம்’ வசதி. உடையவர் யார் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ‘சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்து’ என்று பவுல் எழுதியதை (ரோமர் 8:22) நம் மலையடிவாரச் சபைகளில் அந்தச் சொல்லோடு வாசிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்களின் இன்னொரு வேலை, ‘care for creation’ என்பதைப் ‘படைப்பைப் பராமரித்தல்’ ஆக்கியது. பராமரிப்பு, நம் ஜெபங்களில் ஆண்டவர் நமக்குச் செய்வது. ஏதேன் தோட்டத்தில் மனுஷனுக்குக் கொடுத்த வேலை ‘பண்படுத்தவும் காக்கவும்’ (ஆதியாகமம் 2:15). இவ்வளவு நல்ல தமிழ் கையிலிருக்க, வேறு எதற்கு? அடுத்த நோட்டீசிலாவது ‘படைப்பின் காலம்’ என்று அச்சடியுங்கள்.