32 பைட்டை எத்தனை இடத்தில் வெட்டலாம்?

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் நெறிமுறை) கிளையன்ட் ஒன்றை எழுதிவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “உண்மையான சர்வருடன் இணைத்தால் என் நிரல் ஒழுங்காக வேலை செய்கிறது. பிறகு எதற்காகப் போலி பாக்கெட்டுகளைத் தயாரித்து அதைச் சோதிக்க வேண்டும்?” உண்மையான சர்வர் ஒழுங்கு தவறாமல் நடந்துகொள்கிறது என்பதே காரணம், சோதனைக்கு வேண்டியவர் ஒழுங்கு தவறும் எதிராளி.

நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடிய ஒரு சம்பவத்துக்குப் பிறகு, 1995-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த தாத்து யுலோனென் எஸ்எஸ்ஹெச்சை உருவாக்கினார். இன்று புழங்கும் இரண்டாம் பதிப்பின் பாக்கெட் வடிவத்தை 2006-இல் வெளியான ஆர்எஃப்சி 4253 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வரையறுக்கிறது. சாவிப் பரிமாற்றம், குறியாக்கம் ஆகியவற்றின் கணிதம் பலருக்கும் தெரிந்ததே என்பதால் நேராகப் பாக்கெட்டுக்குள் போவோம்.

“பயனரை அடையாளம் காணும் சேவை வேண்டும்” என்று கிளையன்ட் கேட்கும் செய்தியை எடுத்துக்கொள்வோம். செய்தி எண் 5-க்கு ஒரு பைட், சேவைப் பெயரின் நீளத்துக்கு 4 பைட், பெயருக்கு 12 பைட் என உள்ளடக்கம் 17 பைட் ஆகிறது. அதற்கு முன்னால் பாக்கெட்டின் நீளத்தைச் சொல்லும் 4 பைட்டும், நிரப்பின் (அளவைச் சரிக்கட்டச் சேர்க்கும் பொருளற்ற பைட்டுகளின்) நீளத்தைச் சொல்லும் ஒரு பைட்டும் வர, மொத்தம் 22. குறைந்தது 4 பைட் நிரப்பு வேண்டும். மொத்தமோ குறியாக்கத் தொகுதியின் அளவால், ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை என்றால் 16-ஆல், மீதியின்றி வகுபட வேண்டும். ஆகவே 10 பைட் நிரப்பு சேர்ந்து பாக்கெட் 32 பைட்டில் முடிகிறது; இதன் பின்னால் சரிபார்ப்பு முத்திரை ஒட்டிக்கொள்ளும்.

இந்த 32 பைட்டும் ஒன்றாக வந்துசேரும் என்று, அவற்றைச் சுமந்துவரும் டிசிபி நெறிமுறை எந்த உறுதியும் தருவதில்லை. அது பைட்டுகளை வரிசை மாறாமல் தரும். எங்கே வெட்டித் தரும் என்பது வழியில் இருக்கும் நெரிசலையும் இயங்குதளத்தையும் பொறுத்தது. சர்வரும் கிளையன்டும் ஒரே கணினியில் ஓடும்போது சிறிய பாக்கெட்டுகள் பெரும்பாலும் முழுசாகவே வந்துவிடுவதால், நீளத்தைச் சொல்லும் 4 பைட்டில் 3 மட்டும் வந்த நிலையில் நான்காவதைப் பழைய நினைவகக் குப்பையிலிருந்து படித்துவிடும் நிரல்கூட அங்கே தேறிவிடும். லினக்ஸின் நெட்எம் கருவியால் தாமதத்தையும் இழப்பையும் புகுத்தலாம் என்றாலும், இழந்ததை டிசிபி திரும்ப அனுப்பிவிடுவதால் நம் நிரலுக்கு அது வெறும் தாமதமாகவே தெரியும். குறிப்பிட்ட ஒரு பைட்டில் வெட்டு விழ வேண்டும் என்று அதனிடம் கேட்க முடியாது.

என்னை மிகவும் கவர்ந்த தந்திரம் இங்கேதான் வருகிறது: நெட்வொர்க்கையே எடுத்துவிடுவது. பரவலாகப் புழங்கும் எஸ்எஸ்ஹெச் நிரலான ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் சாவிப் பரிமாற்றச் சோதனையில் சாக்கெட்டே (நெட்வொர்க்குடன் நிரலை இணைக்கும் முனை) இல்லை. ஒரே நிரலுக்குள் கிளையன்டுக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என இரண்டு இணைப்பு நிலைகள் இருக்கின்றன. ஒன்றின் வெளியீட்டுத் தாங்கியில் (தற்காலிக நினைவகத்தில்) சேர்ந்த பைட்டுகளை எடுத்து மற்றதன் உள்ளீட்டுத் தாங்கியில் போடும் சிறிய சுழற்சி ஒன்றுதான் முழு இணையத்துக்கும் பதிலாக நிற்கிறது. அந்தச் சுழற்சி நம் கையில் இருக்கும்போது, 32 பைட்டை இரண்டாக வெட்டக்கூடிய 31 இடங்களிலும் வெட்டிப் பார்க்கலாம். விரும்பியபடியெல்லாம் துண்டாக்கினால் 214 கோடிக்கும் மேற்பட்ட விதங்கள் உண்டு. ஆனால் அந்த 31 வெட்டுகளும், ஒவ்வொரு பைட்டாக ஊட்டும் ஒரு முறையும் பெரும்பாலான தவறுகளைப் பிடித்துவிடும். 15-ஆம் பைட்டுக்குப் பின்னால் விழும் வெட்டு தனிச் சுவை உடையது: பழைய முறைக் குறியாக்கத்தில் முதல் 16 பைட்டையும் விடுவித்த பிறகே பாக்கெட்டின் நீளம் தெரியவரும், எனவே 15 பைட் கையில் இருந்தும், இன்னும் எவ்வளவு வரவேண்டும் என்றுகூடத் தெரியாமல் நிரல் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

நீளத்தில் பொய்யும் சொல்லலாம். 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 429,49,67,295 என்று நீளம் அறிவிக்கும் பாக்கெட்டை அனுப்பினால், அதனுடன் 4-ஐக் கூட்டும் 32 பிட் கணக்கு சுழன்று 3 ஆகிவிடும். கூட்டிய பிறகு அளவைச் சோதிக்கும் நிரல் இதைச் சின்னஞ்சிறு பாக்கெட் என்று நம்பிவிடும்.

நீளத்தைவிட மோசமான பொய், செய்தி எண்ணில் சொல்வது. லிப்எஸ்எஸ்ஹெச் என்ற எஸ்எஸ்ஹெச் நிரல் நூலகத்தில் 2018-இல் வெளிப்பட்ட ஓட்டை இப்படிப்பட்டது. அனுமதி கேட்கும் செய்தியின் எண் 50. அனுமதி தந்துவிட்டோம் என்று சர்வர் சொல்ல வேண்டிய செய்தியின் எண் 52. கிளையன்டே 52-ஐ அனுப்பியபோது, கடவுச்சொல் எதுவும் கேட்காமல் அந்தச் சர்வர் உள்ளே விட்டது. நேர்மையான கிளையன்ட் எதுவும் 52-ஐ அனுப்பாது என்பதால், எத்தனை ஆண்டுகள் உண்மையான இணைப்புகளைக் கவனித்தாலும் இது வெளிப்பட்டிருக்காது. “இத்தனை நாள் ஓடுகிறது, கை வைக்காதே” என்பது நம் துறையின் மூடநம்பிக்கை என்றே நான் சொல்வேன்.

போலி பாக்கெட்டுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இரு முனைகளும் தனித்தனியே வரிசை எண் வைத்திருக்கின்றன. அது கம்பி வழியே போவதே இல்லை. குறியாக்கம் தொடங்கும் முன், “புறக்கணிக்கவும்” என்ற பொருளுடைய பாக்கெட் ஒன்றை இணைப்பின் நடுவில் இருந்து தாக்குபவர் கிளையன்டுக்குச் செருகினால் அதன் எண்ணிக்கை ஒன்று கூடும். குறியாக்கத்துக்குப் பின் சர்வர் அனுப்பும் முதல் பாக்கெட்டை அவரே விழுங்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும். சில குறியாக்க முறைகளில் யாருக்கும் எதுவும் தெரியாது. டெர்ராபின் என்ற இந்தத் தாக்குதலை ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 டிசம்பரில் வெளியிட்டனர். நிரல்கள் விதியைச் சரியாகவே பின்பற்றின. விதியே தவறாக இருந்தது. பழைய விதிகளைத் திரும்பப் படிக்கும் இத்தகைய வேலைக்கு ஆய்வு நிதி தருவோர் புதிய கருவிகளுக்குத் தருவதில் பாதியாவது தரலாம்.

ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.6-இல் வந்த திருத்தத்தின்படி, சாவி மாறும்போது வரிசை எண் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. முதல் சாவிப் பரிமாற்றத்தின் நடுவே தேவையற்ற பாக்கெட் எது வந்தாலும் இணைப்பு முறிகிறது. இதைச் சோதிக்க அந்தச் சிறிய சுழற்சியே போதும்: ஒரு போலி பாக்கெட்டைச் செருகிவிட்டு, இணைப்பு அறுந்தால் மட்டுமே சோதனை தேறியதாகக் கொள்ள வேண்டும். இரு முனைகளும் இத்திருத்தத்தை ஆதரித்தால்தான் அது நடைமுறைக்கு வரும் என்பதால், பழைய சர்வராக நடிக்கும் ஒரு போலியையும் வாசகர் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.