இலைச்சுருட்டுக்கு அடிக்கும் மருந்துதான் புகையானைக் கூட்டி வருகிறது

சம்பா கதிர் வெளிவரும் நேரத்தில் டெல்டா கிராமங்களிலிருந்து ஒரே புகார்தான் வரும். "நேத்துவரைக்கும் பச்சையா இருந்துச்சு சார், இன்னைக்கு வயல் நடுவுல வட்டமா காய்ஞ்சு கிடக்கு." புகையான்தான், அடித்தண்டில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி, சந்தேகமே இல்லை. முதலில் என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டால் அதற்கும் ஒரே பதில்தான். நட்டு இருபது, இருபத்தைந்து நாளில் இலைச்சுருட்டுப் புழு தின்று இலை கொஞ்சம் வெளுத்துச் சுருண்டிருந்ததாம், கடையில் கொடுத்ததை வாங்கி அடித்தார்களாம். இந்த வருடமும் இதையே கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

"முன்கூட்டியே ஒரு டேங்க் அடித்துவிட்டால் பின்னால் பூச்சி வராது." இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, ஆனால் இது தவறு. பயிருக்குத் தடுப்பூசி என்று ஒன்று கிடையாது. இன்று அடித்த மருந்து இன்றுள்ள இலையில்தான் படுகிறது. அடுத்த வாரம் வரும் இலையில் அது இருக்காது. தூர் கட்டும் வயதில், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் வெடிக்கும்போது, பயிர் புது இலைகளை விட்டுக்கொண்டே இருக்கும், புழு தின்றதை அதுவே ஈடு செய்துவிடும். அதனால்தான் அந்தப் பருவத்தில் பத்து சதவீத இலை சேதம் வரை பொறுக்கச் சொல்கிறோம். கதிர் வரும்போது கண்ணாடி இலையில், அதாவது கதிருக்கு ஒட்டிய கடைசி இலையில், ஐந்து சதவீதம் தாண்டினால்தான் கவலை. நீங்கள் அடிப்பதோ நாலு சுருண்ட இலைக்கு!

அந்த மருந்தில் புழுவோடு சேர்ந்து வேறு யாரெல்லாம் சாகிறார்கள் என்று பாருங்கள். ஓநாய் சிலந்தி சாகும். மிரிட் நாவாய்ப்பூச்சியும் சாகும். மூன்று மில்லிமீட்டர் நீளம், மெலிந்த பச்சை உடம்பு, தலையும் தோளும் கருப்பு. பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்து இதைத்தான் பலர் குறிவைத்துக் கொல்கிறார்கள். புகையானின் முட்டையைத் தேடி உறிஞ்சிக் குடிப்பதே இதன் வேலை. முட்டை இலையுறைக்குள் சொருகியிருப்பதால் மருந்து பெரும்பாலும் அதைத் தொடாது. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு வெளியே வரும்போது வயலில் எதிரியே இருக்காது. அப்புறம் என்ன, ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் இதில் மிக மோசம். டெல்டாமெத்ரின் பட்டுப் பிழைத்த புகையான் வழக்கத்தைவிட அதிக முட்டை இடுவது 1980லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. விலை குறைவு, புழு உடனே செத்து விழுகிறது என்று இன்னும் வாங்குகிறோம். இந்தோனேசியாவில் புகையான் கட்டுக்கடங்காமல் போனபோது, 1986ல் அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாதென்று தடை செய்தது. மருந்து குறைந்தது, அதனால் விளைச்சல் குறைந்துவிடவில்லை.

வரப்பில் நின்று பார்த்தால் புகையான் தெரியாது. உள்ளே இறங்குங்கள். ஒரு குத்தை, அதாவது ஒரே இடத்தில் நட்ட பயிர்க்கொத்தை, ஒரு பக்கம் சாய்த்துத் தட்டினால் புகையான் தண்ணீரில் விழும், எண்ணுங்கள். தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, ஒன்று என்ற அளவை எட்டினால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். வாரம் ஒருமுறை இதைச் செய்ய அரை மணி நேரம் போதும், தயவுசெய்து செய்யுங்கள்.

நடும்போதே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள். இடம் வீணாகிறது என்று சண்டை போடாதீர்கள், காற்றும் வெளிச்சமும் அடித்தண்டுக்குப் போகவேண்டும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாதீர்கள், பிரித்துப் போடுங்கள். கரும்பச்சையைப் பார்த்து நீங்கள் மகிழலாம், உங்களைவிடப் புகையான் அதிகம் மகிழும். தண்ணீரைக் கட்டியே வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுங்கள்.

மருந்து அடித்தே தீரவேண்டும் என்றால் முதலில் தண்ணீரை வடியுங்கள். இலைமேல் தூவுவதில் பயனில்லை, நாசிலைத் தாழ்த்தி அடித்தண்டில் படும்படி அடியுங்கள். இரண்டு மூன்று மருந்தைக் கலக்காதீர்கள். கடைக்காரரிடம் "பூச்சிக்கு மருந்து" என்று கேட்காமல் "புகையானுக்கு, பைரித்ராய்டு வேண்டாம்" என்று சொல்லிக் கேளுங்கள். எங்களிடம் படம் அனுப்புவதானால் மேலிலையை எடுக்காமல் குத்தைப் பிரித்து அடித்தண்டை எடுங்கள். நட்டதிலிருந்து என்னென்ன அடித்தீர்கள், எந்தத் தேதியில் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், திட்டமாட்டோம்.