மூட்டு வலிக்கு நெஞ்சு எக்ஸ்ரே எதற்கு?

பெரியம்மாவின் நோய் முதலில் தெரிந்தது கோலத்தில்தான். ஒரு நாள் காலையில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து மாவைக் கிள்ளவே வரவில்லை. பத்து மணிக்கு மேல் விரல்கள் தாமாக இளகிவிட்டன. மறுநாள் விடிந்ததும் அதே கதை. வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்தே நாலு மாதம் ஓடியது.

வயதால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு மாதிரி. நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். பெரியம்மாவுக்கு நேர் எதிர்: தூங்கி எழுந்தால்தான் இறுக்கம், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி விரல் முட்டிகளில் வீக்கம். முடக்குவாதம் என்றார் மருத்துவர். ஊரில் சரவாங்கி என்பார்கள்.

நோயின் பெயர் தெரிந்ததும் வீட்டில் முதலில் வந்த யோசனை, "எதிர்ப்பு சக்தி குறைஞ்சிருக்கும், ஏத்துற மாதிரி ஏதாவது கஷாயம் கொடுப்போம்." கொரோனாவுக்குப் பிறகு நமக்கெல்லாம் எதிர்ப்பு சக்தி என்றால் செல்போன் சார்ஜ் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் முடக்குவாதத்தில் அது குறைவதில்லை. ஆள் தெரியாமல் அடிக்கிறது.

நம் புரதங்களில் ஆர்ஜினின் என்றொரு அமினோ அமிலம் உண்டு. சில நொதிகள் அதை சிட்ருலின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றும். எல்லார் உடம்பிலும் கொஞ்சம் நடப்பதுதான். புகைப்பவரின் நுரையீரலிலும் நாள்பட்டு வீங்கிய ஈறுகளிலும் இது அதிகம். குறிப்பிட்ட சில மரபணுக்கள் உள்ளவர்களின் வெள்ளணுக்கள், இப்படி மாறிய சொந்தப் புரதத்தை வெளியாள் என்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கிவிடுகின்றன. பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்கள் முன்பு தானம் செய்த ரத்தம் சேமிப்பில் இருந்ததை எடுத்துச் சோதித்தபோது, வலி தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே அந்த எதிர்ப்பொருள் அதில் இருந்தது. கோலம் வராமல் போன காலைக்குள் பெரியம்மாவின் நோய்க்கும் வயது கூடியிருக்க வேண்டும்.

சரி, ஒருமுறை அடித்துவிட்டு ஏன் ஓய்வதில்லை? சளிக்காய்ச்சலில் கிருமி ஒழிந்ததும் படை கலைந்துவிடும். இங்கே எதிரியாகத் தெரிவது சொந்தப் புரதம். உடம்பு அதைத் தினமும் செய்துகொண்டே இருக்கிறது. படை கலைய வழியே இல்லை.

மூட்டின் உள்பக்கம் ஒன்றிரண்டு செல் தடிமனே உள்ள மெல்லிய சவ்வு இருக்கிறது. வெள்ளணுக்கள் வந்து குவியக் குவிய அது சதைபோலத் தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, எலும்பையே அரிக்கிறது. அங்கே செல்கள் ஒன்றையொன்று உசுப்பிவிடப் பயன்படுத்தும் ரசாயனங்களில் முக்கியமானது டிஎன்எஃப். இவை மூட்டோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து அசதியும் லேசான காய்ச்சலும் தருகின்றன. இன்டர்லூக்கின்-6 என்ற கூட்டாளி கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. அது உடம்பின் இரும்புச்சத்தைக் கிடங்கிலேயே பூட்டிவிடும். முருங்கைக்கீரையாகச் சாப்பிட்டும் பெரியம்மாவுக்கு ரத்தம் ஏறாததில் இதற்கும் பங்கு உண்டு.

முதலில் தருவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் பெரியம்மாவின் டப்பாவில் 'ஞாயிறு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அதற்கும் அடங்காவிட்டால் டிஎன்எஃபையே பிடித்துக் கட்டும் ஊசி. 1992-இல் லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் முடக்குவாத நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரே ஒரு ரசாயனத்தைத் தடுத்ததில் வீக்கம் மளமளவென்று வடிந்தது.

அந்த ஊசிக்கு முன்புதான் பெரியம்மாவை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்கள். "வலி கையில, படம் நெஞ்சுலயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். உலகில் நாலில் ஒருவர் உடம்பில் டிபி கிருமி நுழைந்திருக்கலாம் என்பது கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு அது நோயாக மாறுவதே இல்லை, ஏனென்றால் வெள்ளணுக்கள் அதைச் சுற்றி வளைத்துச் சுவர் எழுப்பி உள்ளே அடைத்துவைக்கின்றன. அந்தச் சுவரைக் குலையாமல் காப்பது இதே டிஎன்எஃப். விரலுக்காக அதைத் தடுத்தால் நெஞ்சில் சுவர் சரியும். டிஎன்எஃபைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமேப் என்ற ஊசி போட்டுக்கொண்டவர்களில் 70 பேருக்கு டிபி வந்த விவரம் 2001-இல் ஆய்விதழில் வெளியானது. அப்புறம்தான் ஊசிக்கு முன் டிபி சோதனை என்பது கட்டாய வழக்கமானது.

பெரியம்மாவின் எக்ஸ்ரே சுத்தம். ஆனால் முன்கையில் டிபி சோதனைக்காகப் போட்ட ஊசியின் இடம், இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது நன்றாகத் தடித்திருந்தது. கிருமி உள்ளே தூங்குகிறது என்று முடிவானது. முதலில் ஒரு மாதம் டிபி தடுப்பு மாத்திரை, அதைத் தொடர்ந்துகொண்டேதான் மூட்டு ஊசி என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாதம் முழுக்க எங்கள் வாசலில் ஸ்டிக்கர் கோலம்தான்.