மணலில் இறங்கப் போகும் பழைய வண்டி: வாங்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குகிறவர்களுக்காக அதைச் சோதித்துச் சொல்வது என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பாலைவன மணலில் ஓட்டுவதற்காகவே வாங்குகிறவர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் ஒரு வண்டியோடு வந்தார். நான்கு அங்குலம் உயர்த்திக் கட்டிய வண்டி. பெரிய டயர்கள், கூரையில் விளக்கு வரிசை, முன்னால் இரும்பு பம்பர், அதில் வண்டியை இழுக்கும் வின்ச். பார்க்கிற யாருக்கும் பிடித்துப் போகும். அவருக்கும் பிடித்துப் போய் முன்பணம் கொடுத்துவிட்டிருந்தார். "சும்மா ஒரு பார்வை பாருங்கண்ணா, போதும்" என்றார்.

லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்தேன். ஸ்டியரிங் பாக்ஸ் சேசியில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், உட்காரும் இடத்தில் விரிசல். அதன் மேல் வெல்டிங். அதன் மேல் புதுக் கறுப்பு பெயிண்ட். மற்ற இடமெல்லாம் மண்ணும் கிரீஸும் படிந்திருக்க, உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் மட்டும் பளபளத்தது. அடுத்த வாரம் மனைவி, இரண்டு குழந்தைகளோடு மணல்மேடு ஏறுவதாக இருந்தாராம். முன்பணம் போனால் போகட்டும், வண்டி வேண்டாம் என்றேன். முகம் வாடிப் போனாலும் கேட்டுக்கொண்டார்.

தார்ச்சாலையில் வண்டி நின்றுபோனால் ஓரமாக ஒதுக்கிவிட்டு யாருக்காவது போன் செய்யலாம். மணல்மேடுகளுக்கு நடுவில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, நிழலும் இருக்காது. கையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவு நேரம்தான். அதனால் எவ்வளவு பவர், எவ்வளவு உயரம் என்று கேட்பதற்கு முன், இந்த வண்டி என் குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்குமா என்று கேளுங்கள். நான் சோதிக்கும் ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் எந்த வண்டி என்பதை முடித்துவிடுவோம். பின்கதவில் ஃபோர் வீல் டிரைவ் என்று எழுதியிருப்பதெல்லாம் மணலுக்கு ஆகாது. என்ஜின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்க வேண்டும், அதில் லோ ரேஞ்ச் இருக்க வேண்டும். லோ ரேஞ்ச் போட்டால் வேகம் குறைந்து இழுவை பெருகும். லேண்ட் குரூசரில் சுமார் இரண்டரை மடங்கு, ஜீப் ராங்லர் ரூபிகானில் 4 மடங்கு. புதைந்த வண்டியை நிதானமாக வெளியே எடுக்கவும், செங்குத்தான சரிவில் பிரேக்கை அழுத்தாமல் என்ஜின் பிடிப்பிலேயே இறங்கவும் அது வேண்டும். சரிவில் பிரேக் அழுத்தினால் வண்டி குறுக்கே திரும்பி உருளப் பார்க்கும். கார் அடித்தளத்தில் கட்டிய கிராஸோவர் வகை வண்டிகளில் பலவற்றில் பின்சக்கரத்துக்கு இழுவை போவது ஒரு சிறிய கிளட்ச் தொகுதி வழியாகத்தான். ஆழ்ந்த மணலில் கொஞ்ச நேரம் திணறினால் அது சூடேறித் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். அப்புறம் முன்சக்கரம் மட்டும் சுழன்று குழி தோண்டும்.

எடையையும் யோசியுங்கள். சுசுகியின் சிறிய ஜிம்னி சுமார் 1,100 கிலோ. லேண்ட் குரூசர் 200 வரிசை 2,600 கிலோவைத் தாண்டும். புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கு எடை குறைந்த வண்டி பல தவறுகளை மன்னிக்கும், புதைந்தாலும் நாலு பேர் தள்ளி எடுத்துவிடலாம். ஆனால் குடும்பமும் கூடாரமும் தண்ணீர் கேன்களும் ஏற வேண்டும் என்றால் பெரிய வண்டிதான் வேண்டியிருக்கும். 1997இல் வந்த நிசான் பேட்ரோல் ஒய்61ஐ இன்றும் பலர் தேடி வாங்குவதற்குக் காரணம், முன்னும் பின்னும் இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் கனமான நேர் ஆக்ஸில் கொண்டது, அடி தாங்கும், பழுது பார்ப்பதும் எளிது. 1999க்குப் பிந்தைய மிட்சுபிஷி பஜேரோவுக்குத் தனிச் சேசி கிடையாது, உடலோடு சேர்த்தே கட்டப்பட்டது. பஜேரோ பெயரில் ஓடிய வண்டிகள் டக்கார் என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தை 12 முறை வென்றது உண்மை. அவை பந்தயத்துக்கென்றே தயாரானவை. நீங்கள் வாங்கப்போவது சாலை வண்டி. பந்தயப் புகழை வைத்துப் பழைய வண்டியின் நிலையை எடை போடாதீர்கள்.

பெட்ரோலா டீசலா என்று கேட்பார்கள். மணல்மேடு ஏற என்ஜின் சட்டென்று சுற்று ஏற வேண்டும். அதற்குப் பெட்ரோல் எனக்குப் பிடிக்கும். நெடுந்தூரம் போகிறவருக்கு டீசல். கியரில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆட்டோமேட்டிக்தான். மணலில் கியர் மாற்ற கிளட்ச்சை மிதிக்கும் அரை நொடியில் வண்டி ஓட்டத்தை இழந்துவிடும், புதியவர்கள் கிளட்ச்சை எரித்தும் விடுவார்கள். ஆனால் ஆட்டோமேட்டிக்கை வாங்கும்போது அதன் ஆயிலைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் அந்த கியர்பாக்ஸ் ஏற்கெனவே வெந்திருக்கிறது.

காற்றும் சூடும்

1920களிலும் 30களிலும் ரால்ஃப் பாக்னோல்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றினார். ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் அவற்றில் கிடையாது. டயரில் காற்றை இறக்கினார். புதைந்தால் சக்கரத்தடியில் இரும்புத் தடங்களைப் போட்டார். ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் ஆவியை ஒரு குழாய் வழியாக டப்பாவுக்குக் கொண்டுபோய்க் குளிரவைத்து, அந்தத் தண்ணீரை வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார். டயர், ரேடியேட்டர். இன்றும் நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டையும்தான்.

டயரில் காற்றை இறக்கினால் அது நீளவாக்கில் தட்டையாகி மணலில் பரவி நிற்கும். சாலையில் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் இருப்பதை மணலில் 15க்கு இறக்குவது வழக்கம். 10க்குக் கீழே போனால், திருப்பும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்று வரலாம். அப்படி இறக்குவதற்கு டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்க வேண்டும். டயரில் எழுதியிருக்கும் எண்ணைக் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். 265/70 ஆர்17 என்றால் 265இல் 70 சதவீதம், சுமார் 185 மில்லிமீட்டர் உயரம். 275/50 ஆர்20 என்றால் 137தான். விற்பவர் 20 அங்குல அலாய் வீலை பெருமையாகக் காட்டுவார். மணலுக்கு அது குறை. சின்ன ரிம் அந்த வண்டியின் பிரேக்குக்கு இடம் விட்டுப் பொருந்துமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

டயரின் வயதும் அதிலேயே எழுதியிருக்கும். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நிறைய பட்டன் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். வெயிலில் கிடந்து இறுகிய பழைய டயர், காற்றை இறக்கி மடங்கும்போது பக்கச்சுவரில்தான் பிளக்கும். ஸ்பேர் டயரையும் பாருங்கள். ஐந்தும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

அடுத்தது சூடு. மணலில் என்ஜின் முழு பாரத்தில் உழைக்கும், வண்டியோ மெதுவாகப் போகும். ரேடியேட்டருக்குக் காற்று போதாது. நகரத்துக்குள் பிரச்சினையே தராத வண்டி முதல் மேட்டில் கொதிப்பது இதனால்தான். விற்பவரிடம் காலையில் போகாதீர்கள், உச்சி வெயிலில் போங்கள். ஆனால் என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தெளிவான நிறத்தில் கூலண்ட் இருந்தால் நல்லது. துரு கலங்கிய தண்ணீர் என்றால் உள்ளே அடைத்திருக்கும். எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற வெளிர் நுரை திட்டாகப் படிந்திருந்தாலோ என்ஜினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஏசியை முழுதாகப் போட்டு, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முள் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். ரேடியேட்டரின் இறகுகளுக்குள் மண் அப்பியிருக்கிறதா, ஃபேன் முழு வேகம் பிடிக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

சூடு என்ஜினைச் சட்டென்று கெடுக்கும், தூசி சத்தமில்லாமல் தின்னும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரைத் தாண்டி என்ஜின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். அந்தப் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். மாவு போல மண் வந்தால், அந்த என்ஜின் மணலைச் சுவாசித்திருக்கிறது. ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும், நீலப் புகையும் சீக்கிரம் வந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், எந்தக் கருவியும் வேண்டாம். இதைச் செய்யாமல் என்ஜினையே மாற்ற நேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடியில்

இனி கீழே படுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு போடுங்கள், இல்லையென்றால் லிஃப்ட் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

மணல்மேட்டின் உச்சியிலிருந்து பாய்ந்து விழுந்த வண்டி அதைச் சேசியில் எழுதி வைத்திருக்கும். ஸ்டியரிங் பாக்ஸ், ஷாக் அப்சார்பர், கன்ட்ரோல் ஆர்ம் ஆகியவை பொருந்தும் இடங்களில் விரல் வைத்துத் தடவுங்கள். விரிசல், புது வெல்டிங், புதுப் பெயிண்ட் எதுவாக இருந்தாலும் காரணம் கேளுங்கள். கழுவிப் பளபளக்கும் அடிப்பாகத்தைவிட, எல்லா இடமும் ஒரே மாதிரி அழுக்காக இருப்பதை நான் அதிகம் நம்புவேன். மேலே கூரைத் தூண்களிலும் கண்ணாடியின் ஓரங்களிலும் சுருக்கமோ பட்டி பூசிய தடமோ தெரிந்தால் உருண்ட வண்டியாக இருக்கலாம். உப்பு நிலத்தில் ஓடிய வண்டியில் துரு பள்ளங்களிலும் மடிப்புகளிலும் தொடங்கும். ஸ்பேனரின் முனையால் தட்டினால் செதிலாக உதிரும்.

ஆக்ஸில் நடுவில் இருந்து இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஆயில் இறக்கும் போல்ட்டின் காந்த முனையில் நைசான தூள் சகஜம், உலோகச் சில்லு அப்படியல்ல. முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஆக்ஸில் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால், உள்ளே மணல் புகுந்து ஜாயிண்டை அரைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது தார்ச்சாலையோடு நிறுத்தாதீர்கள். லோ ரேஞ்ச், இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃப் லாக் இரண்டையும் தளர்ந்த மண்ணில் போட்டுப் பாருங்கள். தேவைப்படும்போது மட்டும் போடும் பகுதிநேர ஃபோர் வீல் டிரைவைக் காய்ந்த தாரில் போட்டுத் திருப்பினால் கியர்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டாஷ்போர்டில் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் லாக் விழவில்லை என்று பொருள். வருடக்கணக்கில் தொடாத லீவரும் மோட்டாரும் துருவேறிக் கிடப்பது சர்வசாதாரணம்.

ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சில வண்டிகள் என்ஜின் ஓடிய மணிநேரத்தையும் காட்டும், சிலவற்றில் ஸ்கேனர் வழியாக எடுக்கலாம். 90,000 கிலோமீட்டர், 6,000 மணிநேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். அந்த வண்டி நின்ற இடத்தில் ஓடியது, இல்லை மணலில் உழன்றது. ஸ்கேனர் போடும்போது, கோளாறுக் குறிகளைச் சமீபத்தில் அழித்திருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும்; அழித்திருந்தால் வண்டியின் சுயசோதனைகள் பாதியில் நிற்கும்.

உயர்த்திக் கட்டியது, பெரிய டயர் போட்டது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாற்றாத வண்டியே நல்லது. இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்தியிருந்தால் யார் செய்தது, பில் இருக்கிறதா, பதிவில் ஏற்றியிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இழுப்புக் கொக்கி. முன்னும் பின்னும் சேசியோடு போல்ட் போட்டுப் பொருத்திய, மீட்புக்கென்றே தயாரித்த கொக்கிகள் வேண்டும். லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காகத் தொழிற்சாலையில் வைத்த மெல்லிய வளையங்கள் அதற்கானவை அல்ல. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் இழுவைப் பட்டையை மாட்டி ஒருபோதும் இழுக்காதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டு போலக் கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருப்பவரைக் கொல்லும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வண்டியில் சரியான கொக்கி இல்லையென்றால் முதல் பயணத்துக்கு முன் பொருத்திவிடுங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட வேண்டாம். நான்கில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். எல்லா ஆயிலும், கூலண்ட், ரப்பர் குழாய்கள், பெல்ட், பேட்டரி, தேவைப்பட்டால் ஐந்து டயர்களும் அதில் வரும். காற்று நிரப்பும் கம்ப்ரசர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், மண்வெட்டி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணம் சின்ன மேடுகளில், இன்னொரு வண்டியின் துணையோடு இருக்கட்டும். வாங்கிய அன்றே வண்டியின் அடிப்பாகத்தை, நான் சொன்ன இடங்களை எல்லாம் போனில் படம் எடுத்து வையுங்கள். திரும்பி வந்த மறுநாள் அதே இடங்களை மறுபடி படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஷாக்கில் புது ஈரம் இருக்கிறதா, சேசியில் முன்பு இல்லாத கோடு ஏதாவது தெரிகிறதா என்று.